சைக்கிளா, ஸ்கூட்டரா, காரா? மண்டபம் கரைக்குக் குடிவருபவர்கள் போட வேண்டிய கணக்கு

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த வாரத்திலேயே நாங்கள் கார் வாங்கினோம். கோயம்புத்தூரிலிருந்து மண்டபம் என்றதும், கடைக்கோடி ஊராயிற்றே, பஸ் எப்படி இருக்குமோ, இரவில் குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். புதுச்சேரிப் பதிவு எண் கொண்ட பழைய காரை 2,40,000 ரூபாய்க்கு வாங்கினோம். காகிதங்கள் சரியில்லாததால் அது ஏழு மாதம் பூவரச மரத்தடியிலேயே நின்றது. காகிதம் வந்து சேர்ந்தபோது கதவுகளின் அடிவிளிம்பைத் துரு தின்றுவிட்டிருந்தது. 1,55,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டோம்.

அந்த ஏழு மாதமும் வீட்டுக்கார அம்மா கொடுத்த சைக்கிளில்தான், நான் ஆசிரியராக இருக்கும் பள்ளிக்குப் போனேன். இப்போது எனக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு சைக்கிள், வீட்டுக்குப் பொதுவாக ஒரு ஸ்கூட்டர். கார் இல்லை. மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று இந்தக் கரையோரம் மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் செவிலியர்களும் வங்கி ஊழியர்களும் எங்களைப் போல எண்பத்தைந்தாயிரம் ரூபாயைத் தொலைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. வண்டி விலை கேட்பதற்கு முன் பதினைந்து நாள் நோட்டுப் போடுங்கள்

குடிவந்த முதல் பதினைந்து நாளும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் சமாளியுங்கள். ஒரு நோட்டில் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு, கூட யார், கையில் என்ன சுமை என்று எழுதி வையுங்கள்.

நான் எழுதியதில் 41 பயணங்கள் இருந்தன. அவற்றில் 34 பயணங்கள் ஒருவழியாக ஏழு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பள்ளி வேதாளைப் பக்கம். வீட்டிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். மீன், காய்கறி, மருந்துக்கடை எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள். மிச்சமிருந்தவற்றில் பெரும்பாலானவை ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போனவை. ராமேஸ்வரம் சாலையில் இந்த இரண்டு ஊருக்கும் நாள் முழுக்க பஸ் உண்டு. சொந்தக் கார் இல்லாமல் முடியவே முடியாது என்று சொல்லத்தக்க பயணம் ஒன்றுகூட என் நோட்டில் இல்லை.

உங்கள் நோட்டு வேறு மாதிரி இருக்கலாம். சாயல்குடிப் பக்கம் உள்கிராமத்தில் வேலை, பஸ் நாளுக்கு நான்கு தடவைதான் என்றால் ஸ்கூட்டர் கட்டாயம். படுக்கையில் இருக்கும் பெரியவரை மாதம் இருமுறை மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால் காரைப் பற்றி யோசிக்கலாம். எதுவானாலும் உங்கள் பயத்தைக் கேட்டு முடிவெடுக்காமல் நோட்டைப் பார்த்து முடிவெடுங்கள்.

2. வாடகை வீடு பார்க்கும்போதே காற்றையும் பாருங்கள்

எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கரையில் மேடு கிடையாது. மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும், மணலையும் கூடவே அள்ளி வரும். காலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வலுத்து மாலை வரை விடாது. அக்டோபரில் வாடைக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் வந்து டிசம்பர் வரை இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலும் சாதுவான காற்று. மார்ச் பாதியிலிருந்து மே வரை காற்றைவிட வெயில்தான் எதிரி.

மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் போகும் சாலை ஏறக்குறைய கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. வீடு கிழக்கிலும் வேலை மேற்கிலும் இருந்தால், கச்சான் மாதங்களில் காலையில் தணிந்த காற்றை எதிர்த்துப் போவீர்கள். மாலையில் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். வீடு மேற்கிலும் வேலை கிழக்கிலும் இருந்தால் நிலைமை தலைகீழ். காலையில் சுகமாகப் போய்விட்டு, நாளெல்லாம் நின்று களைத்த காலோடு மாலை நாலரை மணிக்கு முழு வேகக் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். என்னோடு பணிபுரியும் ஒருவர் பள்ளிக்கு மேற்கே உள்ள உச்சிப்புளியில் வீடு எடுத்தார். சைக்கிளும் வாங்கினார். ஜூலை மாதத்தோடு அதை விற்றுவிட்டார். உழைப்பில் குறை சொல்ல முடியாது, வீடு இருந்த திசை அப்படி.

அதனால் சைக்கிளில் போகும் எண்ணம் துளியாவது இருந்தால், வேலை செய்யும் இடத்துக்குக் கிழக்கே, ஆறேழு கிலோமீட்டருக்குள் வீடு தேடுங்கள். வாடகை ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தரலாம். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் சாலைகளின் போக்கு வேறு. அங்கே கடற்கரைக்குப் போய் மீனவர்களைக் கேளுங்கள். எந்த மாதம் எந்தக் காற்று எத்தனை மணிக்கு எழும் என்பது அவர்களுக்குத் தொழில்.

3. கார்: ஓடாமல் நிற்கும்போதும் செலவு

காரின் விலையை எல்லோரும் விசாரிக்கிறார்கள். அது நிற்பதற்கு ஆகும் விலையை யாரும் விசாரிப்பதில்லை. புதிய கார் என்றால் முதலில் வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். காப்பீட்டில் மூன்றாம் நபருக்கான பகுதி கட்டாயம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். இரண்டுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. புதிய காருக்கு மூன்று ஆண்டுக்கான தொகையை முதலிலேயே கட்ட வேண்டும். உங்கள் காருக்கே சேதம் வந்தால் பணம் கிடைப்பதற்கான காப்பீடு தனி. மதுரைச் சாலையில் போகலூரிலும் திருப்பாச்சேத்தியிலும் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. சைக்கிளும் இருசக்கர வாகனமும் அங்கே காசு கொடுப்பதில்லை, கார் கொடுக்கிறது.

பழைய கார், அதிலும் வெளிமாநில எண் என்றால் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் இந்தக் காகிதங்களைக் கண்ணால் பாருங்கள்:

பதிவுச் சான்றின் அசல். அதில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் தீர்ந்துவிட்டது என்ற அந்த நிறுவனத்தின் கடிதமும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. வெளிமாநில வண்டிக்கு அந்த மாநிலப் பதிவு அலுவலகம் தரும் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28. வண்டி மீது குற்ற வழக்கோ திருட்டுப் புகாரோ இல்லை என்ற சான்று. நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று. உங்கள் பெயரில் உள்ளூர் முகவரிச் சான்று. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் தமிழ்நாட்டு வரியைக் கட்டி, படிவம் 27 கொடுத்து, டிஎன் 65 என்று தொடங்கும் ராமநாதபுரம் எண்ணை வாங்க முடியும்.

நாங்கள் விழுந்த குழி இந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே இருந்தது. பதிவுச் சான்றில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. "கடன் எப்போதோ முடிந்துவிட்டது சார், கடிதம் அடுத்த வாரம் வந்துவிடும்" என்று விற்றவர் சொன்னார். அதை நம்பி முழுத் தொகையையும் என் கணவர் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதம் வர ஐந்து மாதம் ஆயிற்று, தடையில்லாச் சான்றுக்கு மேலும் இரண்டு மாதம். காப்பீடு பழைய உரிமையாளர் பெயரில் இருந்ததால், விபத்து நடந்தால் பணம் கிடைக்குமா என்ற சந்தேகத்தில் வண்டியை வெளியே எடுக்கவே பயந்தோம். கடிதம் இல்லை என்றால் முன்பணத்துக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள். எழுத்தில் வராத வாக்குறுதியை வைத்து எந்த அலுவலகத்திலும் எதுவும் நகராது.

உங்களிடம் ஏற்கெனவே கார் இருந்து, வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க மறுபதிவு அவசியம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊர் மாறினாலும் முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இது, பலர் மறந்துவிடுகிறார்கள்.

4. ஸ்கூட்டர்: நியாயமான நடுவழி

110 சிசி ஸ்கூட்டர் எல்லாச் செலவும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வரும். வரி, ஒரு லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 75 முதல் 150 சிசி வரையுள்ள புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 3,851 ரூபாய். இதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால், என் பள்ளிக்குப் போய்வரும் 12 கிலோமீட்டர், மாதம் 22 நாளுக்கு, அறுநூறு ரூபாயைத் தொடாது. காரில் அதே தூரத்துக்கு ஆயிரத்தெழுநூறு, ஆயிரத்தெண்ணூறு ஆகும். ஆகவே ஸ்கூட்டருக்குப் பதில் சைக்கிள் ஓட்டினால் பெட்ரோலில் பெரிதாக மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். மாதம் அறுநூறுதான். வண்டியின் தவணை, சர்வீஸ், டயர், பேட்டரி ஆகியவற்றில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

உரிமம் இல்லாதவர்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். விண்ணப்பம் 'சாரதி' இணையதளத்தில். பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. பக்கா உரிமத்துக்கு ஓட்டிக்காட்டும் தேர்வு ஒரு வகைக்கு 300, அட்டைக்கு 200. இவை மத்திய விதிகளில் உள்ள தொகைகள். சிறு சேவைக் கட்டணங்கள் இவற்றோடு சேரும். இதற்கு இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையே இல்லை. பழகுநர் உரிமம் கிடைத்த 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-யில் மருத்துவர் சான்று வாங்க வேண்டும். நான் அது தெரியாமல் ராமநாதபுரம் வரை போய்த் திரும்பி வந்தேன். ஒரு நாள் விடுப்பு வீணாயிற்று.

வீட்டில் பிள்ளை இருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை ஸ்கூட்டரை எடுத்துப் போய் மாட்டிக்கொண்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. "பக்கத்துத் தெருதானே" என்று சாவியைக் கொடுக்காதீர்கள்.

5. சைக்கிள்: எதை வாங்குவது, எதைப் பத்திரமாக வைப்பது

சைக்கிளுக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். என் மகளுக்கு வயது பதின்மூன்று. கார் நின்ற ஏழு மாதமும், டியூஷனுக்குப் போகவும் தோழி வீட்டுக்குப் போகவும் அப்பா எப்போது வருவார் என்று வாசலில் நின்றாள். கார் ஓடியிருந்தாலும் அவள் நின்றிருப்பாள். சைக்கிள் வந்த பிறகு, "அம்மா, ஆறரைக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். வண்டி வாங்கும் குடும்பங்கள் இதையும் கணக்கில் எழுத வேண்டும்: வீட்டில் எத்தனை பேருக்கு அந்த வண்டி கால் ஆகிறது?

கியர் சைக்கிள் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. மேடு இல்லாத ஊரில் அதனால் பெரிய பயன் இல்லை. காற்றுக் காலத்துக்குக் கொஞ்சம் உதவும் என்பது உண்மைதான். ஆனால் உப்பும் மணலும் கியருக்குள் போனால் பழுதுபார்க்க ராமநாதபுரம் போக வேண்டும். கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், மட்கார்டு உள்ள சாதாரண சைக்கிளே போதும். டயர் சற்று அகலமாக இருக்கட்டும். பனந்தோப்புகளுக்குள் போகும் பாதைகளில் மெல்லிய டயர் மணலில் புதைந்துவிடும். நான் வாங்கியது 6,800 ரூபாய். பூட்டு, கைப்பம்பு, முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மழைக்கோட்டு எல்லாம் சேர்த்து மேலும் 1,900. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அந்த விகிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சைக்கிளுக்குப் பதிவு எண் இல்லாததால், திருட்டுப் போனால் அது உங்களுடையது என்று காட்ட அந்தப் பில்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. பெடல் இருக்கும் இடத்துக்கு அடியில் ஃபிரேமில் ஓர் எண் பொறித்திருக்கும். வண்டியைக் கவிழ்த்து அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லாச் சைக்கிள்கள் சில நேரம் மலிவாக விற்பனைக்கு வரும். அதைத் தொடாதீர்கள். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவதற்காகக் கொடுத்த வண்டி அது.

இன்னொரு கண்ணி: "லைசென்ஸ் வேண்டாத பேட்டரி வண்டி". 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் இருந்தால்தான் அந்தச் சலுகை. கடைக்காரர் ஒரு வயரைக் கழற்றிவிட்டு நாற்பதில் ஓடும்படி செய்து தந்தால், சட்டப்படி அது பதிவும் காப்பீடும் உரிமமும் இல்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். வேகத்தை மாற்றாத மின்சார சைக்கிள் நல்லது, அதிலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கச்சான் மாதங்களில் பெரிய உதவி.

6. முள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிளுக்கு உண்மையான செலவு சீமைக்கருவேல முள்தான். வெட்டி எடுத்துப் போகும் விறகு வண்டியிலிருந்து கிளைகள் உதிரும். ஆடு மேய்ப்பவர்கள் இழுத்துப் போடும் கிளைகளும் சாலையோரம் கிடக்கும். காய்ந்த முள் டயரில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதல் மாதத்தில் எனக்கு ஒன்பது பஞ்சர். ஒட்டு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். அந்த ஒன்பதில் ஐந்து, ஒரே முள்ளால் வந்தவை என்பது பிறகுதான் தெரிந்தது. மண்டபத்தில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருநாள் என்னை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். "டீச்சர், ட்யூபை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் டயருக்குள்ளே தேடுங்கள்" என்றார். விரலை விட்டுத் துழாவப் போன என் கையைத் தடுத்துவிட்டு, தீக்குச்சி உயரத்துக்குப் பஞ்சை உருட்டி எடுத்தார். டயரின் உட்புறத்தில் அதை வைத்து மெதுவாக ஒரு சுற்று இழுத்தார். முக்கால் சுற்றில் பஞ்சு ஓரிடத்தில் சிக்கி, இரண்டு இழை அங்கேயே நின்றது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் வளைத்துக் காட்டினார். கறுப்பு ரப்பரில் கறுப்பாகவே, கடுகளவு கூர்மை. குறடால் பிடுங்கியபோது அரை அங்குல முள் வந்தது.

அன்றிலிருந்து பஞ்சர் ஒட்டக் கொடுத்தால் பக்கத்தில் நின்று, டயருக்குள்ளே பஞ்சு விட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அத்தோடு இவற்றையும் செய்யுங்கள்: தார்ச்சாலையின் ஓரத்து மண்ணில் இறங்காதீர்கள், முள் அங்கேதான் இருக்கும். வண்டியை நிழலுக்காகக் கருவேல மரத்தடியில் நிறுத்தாதீர்கள். காற்றை எப்போதும் இறுக்கமாக வைத்திருங்கள். மாற்று ட்யூப் ஒன்றும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும். இப்போது எனக்கு மாதத்துக்கு ஒன்று, அல்லது இரண்டு மாதத்துக்கு மூன்று பஞ்சர். அதற்குக் குறையாது; அதை ஒரு மாதச் செலவாகவே எழுதிவிடுங்கள்.

7. உப்பு

கடற்காற்றில் செயின் ஒரே வாரத்தில் பழுப்பாகிவிடும். சனிக்கிழமை தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஈரத்துணியால் ரிம், ஸ்போக்ஸ் கம்பி, ஹேண்டில்பார் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். குடம் குடமாக ஊற்றிக் கழுவ வேண்டாம். இந்த ஊரில் நல்ல தண்ணீரின் அருமை வந்த வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். செயினுக்கு மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பிறகு மிஞ்சியதைத் துணியால் வழித்துவிட வேண்டும். எண்ணெய் அதிகமானால் மணல் ஒட்டிக்கொண்டு அரம்போலச் செயினைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும்.

ஈர மணலில் கடலோரமாக ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருவேறிச் சிக்கிக்கொள்ளும். எனக்கு அப்படி ஆனது. நல்லவேளையாகத் தெரு முனையில் நிற்க வேண்டிய இடத்தில்தான் அது தெரியவந்தது, நெடுஞ்சாலையில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரேக் கம்பியையும், ஆண்டுக்கொருமுறை பால்ரஸ், கிரீஸ் எல்லாவற்றையும் மாற்றி ஓவர்ஹாலிங் செய்துவிடுங்கள். டயர், ட்யூப், செயின், பஞ்சர் எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டில் நான் செலவழித்தது ஐந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

8. நெடுஞ்சாலையும் பாம்பன் பாலமும்

ராமேஸ்வரம் சாலை யாத்திரைச் சாலை. வெகுதூரத்திலிருந்து இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வரும் வேன்களும் பஸ்களும் விடியற்காலையில்தான் மண்டபத்தைத் தாண்டும். அந்த நேரத்து டிரைவரின் கண்ணில் தூக்கம் இருக்கும். விடியும்வரை நெடுஞ்சாலையில் சைக்கிளில் போகாதீர்கள். வெயிலுக்குப் பயந்து ஐந்து மணிக்கே கிளம்பும் பழக்கம் மற்ற ஊர்ச் சாலைகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிய இடம் வழுக்கும். மாலையில் ஆடுகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். முதல் ஆடு போனால் கடைசி ஆடு போகும்வரை நின்றுவிடுங்கள்.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் உயர்ந்து இறங்கும். இந்தக் கரையில் நீங்கள் ஏறப்போகும் ஒரே மேடு அதுதான். ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டுச் சடாரென்று கதவைத் திறப்பார்கள். நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே போங்கள். பக்கக்காற்று வலுக்கும் நாளில் பெரிய பஸ் கடந்துபோகும் நொடியில் காற்று நின்று, மறுநொடியில் இரு மடங்காக வந்து மோதும். அந்த இரண்டு நொடிக்கும் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பாலத்தின் குறுக்கே வரும் இணைப்புகளை நேராகக் கடக்க வேண்டும், மழையில் சரிந்து கடந்தால் சக்கரம் வழுக்கும். கச்சான் மாதங்களில் மகளைச் சைக்கிளில் பாலத்துக்கு அனுப்புவதில்லை. பஸ்ஸில் போகிறாள்.

அதே சமயம், தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் வந்தால் ராமேஸ்வரத்தில் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அன்று சைக்கிளில் போகிறவர்தான் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்புவார்.

9. தூரத்துக்கு வாடகை, அவசரத்துக்கு 108

எங்கள் பழைய பயத்துக்கு இப்போது இப்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். இரவு அவசரம் என்றால் 108. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ உள்ளவரைப் பதற்றத்தில் நாமே காரோட்டிக்கொண்டு, நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதைவிட, ஆக்சிஜனோடு வரும் ஆம்புலன்ஸ் மேலானது. கல்யாணம், ஊர்ப்பயணம் என்றால் தெருவில் தெரிந்த டிரைவரிடம் வாடகைக் கார். கடந்த ஆண்டு நாங்கள் வாடகைக் காருக்குக் கொடுத்த மொத்தத் தொகை 14,600 ரூபாய். முன்பு வாங்கிய காருக்கு மாதத் தவணை மட்டுமே 5,200.

என் கணவர் ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போகிறார். பெண்களுக்கு ஒரு குறிப்பு: கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் ஏறுமுன் எந்த வகை என்று பார்த்து ஏறுங்கள்.

10. எப்போது தொடங்குவது

மாற்றல் பெரும்பாலும் மே, ஜூனில் வரும். சைக்கிள் தொடங்க அது மோசமான நேரம். வந்த வேகத்தில் கச்சானில் மாட்டிக்கொண்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டிவிடுவீர்கள். டிசம்பர் வரை பஸ்ஸிலேயே போங்கள், அதற்குள் உரிமத்தை எடுத்துவிடுங்கள். மழை ஓய்ந்ததும் ஜனவரியில் சைக்கிள் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் மீன் வண்டிகள் குறைவாக ஓடும், நெடுஞ்சாலை பழக அது வசதி.

முதல் தடவை வேலை நாளில் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நன்றாக விடிந்த பிறகு, வேலைக்குப் போவது போலவே பையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கடிகாரம் பார்த்துப் போய்வாருங்கள். வழியில் காற்றடிக்கும் கடை எங்கே, நிழல் எங்கே, நாய்கள் எந்த முனையில் படுத்திருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். எனக்கு அந்த முதல் ஞாயிறு போக முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன்.